தக்கலைப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்துக்கு பேவர் பிளாக் போட்டப்போ ரேட் எப்படி முடிவாச்சு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தக்கலையில இருந்து அழகியமண்டபம் போற பக்கத்துல 12 சென்ட்ல ஒரு வீடு, ரிட்டையர்டு ஹெச்எம் சாரும் அவங்க வீட்டம்மா டீச்சரும் மட்டுந்தான் இருக்காங்க, பையன் கல்ஃப்ல. வீட்டுக்கு முன்னால செம்மண் முற்றம், நம்ம ஊர்ல எடவப்பாதி (ஜூன்) மழையும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, ஆக வருஷத்துல பாதி நாள் அது சேறுதான், காரு கேட்டுக்குள்ள வந்தா டயரு பதியும், டீச்சர் ரெண்டு தடவ வழுக்கி விழுந்தாச்சு. ரெண்டாவது தடவ மணிக்கட்டுல கட்டுப் போட வேண்டி வந்ததும் பையன் போன்ல "எவ்வளவு ஆனாலும் பரவால்ல, மழைக்கு முன்னாடி இன்டர்லாக் போட்டுருங்க"ன்னு சொல்லிட்டான். இந்த "எவ்வளவு ஆனாலும் பரவால்ல" விஷயம் காண்ட்ராக்டர் காதுக்கு எப்படியோ போயிரும், அதையும் சொல்லி வைக்கணும்.

நான் சைட் சூப்பர்விஷன் பாக்குறவன், அந்தப் பையனுக்கு பழக்கம், கொட்டேஷனை ஒண்ணு பாத்து சொல்லுங்கன்னு கேட்டதால உள்ள வந்தேன். ஆளு பேரு, கம்பெனி பேரு எதுவும் போடல, காண்ட்ராக்டர் மூணு பேரையும் முதலாமவர், ரெண்டாமவர், மூணாமவர்னே சொல்றேன்.

கான்கிரீட் போட்டா போதுமேன்னு சார் முதல்ல யோசிச்சாரு. வீட்டு முன்னால கிணறு இருக்கு, தண்ணி மண்ணுக்குள்ள இறங்கணும், நாளைக்கு பைப்புக்கு தோண்டணும்னாலும் கான்கிரீட்டை உடைக்கணும், அதனால இன்டர்லாக் பேவர் பிளாக்னு முடிவாச்சு. இதுல பெரிய விவாதம் ஒண்ணும் நடக்கல.

வந்த மூணு ரேட்டு

முதலாமவர் பக்கத்துல ஒரு கல்யாண வீட்டு வேலையை முடிச்சிட்டு நேரா வந்தாரு. டேப் எடுக்கல, நடந்தே பாத்துட்டு "1,300 ஸ்கொயர் ஃபீட் வரும் சார், அடிக்கு 72 ரூபா, ஒண்ணும் யோசிக்காண்டாம், அந்த சைட்ல பிளாக்கு மிச்சம் கிடக்கு, இன்னைக்கு பாதி அட்வான்ஸ் தந்தா நாளைக்கே இறக்கிருவேன், அடுத்த வாரம்னா இந்த ரேட்டு வராது, கல்லு லாரி எல்லாம் விழிஞ்ஞம் துறைமுக வேலைக்குல்லா போகுது"ன்னாரு. மொத்தம் 93,600. பேப்பர்ல எழுதித் தரல, ஒரு விசிட்டிங் கார்டு பின்னால நம்பரை எழுதிக் குடுத்தாரு.

ரெண்டாமவர் மார்த்தாண்டம் பக்கம், சின்னப் பார்ட்டி, நாலஞ்சு ஆளு வச்சிருக்காரு. வந்து அளந்தாரு, மண்ணை ஒரு கம்பியால குத்திப் பாத்தாரு, காரு எது வரை வரும்னு கேட்டாரு. 108 ரூபா.

மூணாமவர் நாகர்கோவில்காரரு, பெட்ரோல் பங்க், மண்டபம் இந்த மாதிரி பெரிய வேலை எடுக்கிறவரு. 80 எம்எம் பிளாக், அதுக்கு அடியில கான்கிரீட் பெட்டு, ஜிஎஸ்டி பில்லோட 135 ரூபா, அளவு 1,188 அடி, மொத்தம் 1,60,380. டைப் பண்ணின கொட்டேஷன், நல்லா நீட்டா இருந்துச்சு.

சாருக்கு முதலாமவர் பக்கம்தான் மனசு. 72-க்கும் 135-க்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கே, இந்த நாகர்கோவில்காரன் நம்மள கொள்ளையடிக்கப் பாக்குறான்னு நெனச்சாரு. நான் அவருகிட்ட கேட்டது ஒண்ணுதான்: இந்த மூணு நம்பரும் ஒரே வேலைக்கு உள்ளதா? அதைப் பாக்காம எது கூட எது கொறவுன்னு சொல்லவே முடியாது.

அளந்து பாத்தப்போ தெரிஞ்சது

மொத வேலையா நாங்களே டேப் பிடிச்சு அளந்தோம். முன் முற்றம் 38க்கு 24, அது 912. வீட்டுக்கு பக்கவாட்டுல போற நடைபாதை 46க்கு 6, அது 276. ரெண்டும் சேந்து 1,188. இதுல கிணத்துச் சுவரு வெளி விட்டம் 8 அடி, அது ஒரு 50 அடி போயிரும், பூச்செடி பாத்தி 8க்கு 4, அது 32. ஆக பிளாக் விழப்போறது 1,106 அடிலதான்.

இப்ப முதலாமவர் கணக்கைப் பாருங்க. 1,300ன்னு சொன்னதுல 194 அடி இல்லவே இல்லாத இடம், அதுக்கு மட்டும் 13,968 ரூபா. 93,600-ஐ 1,106-ஆல வகுத்தா அடிக்கு 84 ரூபாய்க்கு மேல வருது, அப்ப 72ங்கிற ரேட்டே கிடையாது. மூணாமவர் ஏமாத்தல, வெளி அளவை மட்டும் எடுத்துட்டு கிணறையும் பாத்தியையும் கழிக்காம விட்டுட்டாரு, அதுலயே 11,070 ரூபா. கேட்டதும் கழிச்சிருவேன்னு உடனே சொல்லிட்டாரு. ரெண்டாமவர் மட்டும் தன் நோட்டுலயே ரெண்டையும் கழிச்சு எழுதிருந்தாரு, எங்க அளவுக்கும் அவரு அளவுக்கும் மூணு நாலு அடிதான் வித்தியாசம்.

அடுத்தது முதலாமவர் ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட ஒரு வீடு, அவரே பெருமையா அட்ரஸ் சொன்னது. போய் பாத்தா காரு டயரு ஓடுற ரெண்டு வரியும் குழிஞ்சு கிடக்கு, தண்ணி தேங்கின அடையாளம் பச்சையா இருக்கு, கேட்டுப் பக்கம் ஓரத்துல பிடிமானம் எதுவும் வைக்காததால பிளாக்கெல்லாம் வெளிய தள்ளி நடு இடுக்குல பெருவிரலே போகுது. அந்த வீட்டுக்காரரு நல்ல மனுசரு, "அதுதான் ஆடுதே, எடுத்துப் பாத்துக்கோங்க"ன்னு ஒரு நாலு கல்லை கம்பியால நெம்பி எடுத்துக் காட்டினாரு. அடியில ஒரு ஒன்றரை இஞ்ச் பாறைப்பொடி, அதுக்கு அடுத்து நேரா செம்மண்ணு, அவ்வளவுதான். ஜல்லி கெடையாது, இறுக்கின அடையாளம் கெடையாது. செம்மண்ணு காஞ்சிருக்கும்போது பாறை மாதிரி நிக்கும், தண்ணி குடிச்சா இளகிரும், மேல காரு ஏறினா பிளாக்கு இறங்காம என்ன செய்யும். பிளாக்கு ஒண்ணுகூட உடையல, அதையும் சொல்லணும், உடைஞ்சது அடித்தளம்தான்.

சாம்பிள் கல்லு

முதலாமவரும் ரெண்டாமவரும் செங்கல் ஷேப்ல ஒவ்வொரு சாம்பிள் குடுத்திருந்தாங்க, ரெண்டும் 60 எம்எம்னு பேச்சு. டேப் வச்சா முதலாமவரது சரியா 50. பாக்க பளபளன்னு இருந்துச்சு, ரப்பர் மோல்டுல ஊத்தினது, டீச்சருக்கு அதோட கலருதான் பிடிச்சிருந்தது. ரெண்டாமவரது ஹைட்ராலிக் பிரஸ்ல அடிச்சது, சொரசொரப்பு, பாக்க சுமாரு.

இந்திய தரக்குறியீடு ஐஎஸ் 15658 இருக்கு பேவர் பிளாக்குக்கு, அதுல ஆளு நடக்க மட்டும்னா 50 எம்எம், எம்30 (எம்-ங்கிறது கான்கிரீட் பலத்தோட கிரேடு), காரு பைக்கு மாதிரி லேசான வண்டிக்கு 60 எம்எம், எம்35, அதுக்கு மேல உள்ள போக்குவரத்துக்கு 80 எம்எம், எம்40ன்னு போகுது. தண்ணி உறிஞ்சுறது சராசரியா கல்லு எடையில 6 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. இந்த தண்ணி விஷயத்தை வீட்டுலயே ஓரளவு பாக்கலாம். ரெண்டு கல்லையும் மொட்டை மாடில நல்லா வெயில்ல காயவச்சு சமையக்கட்டு தராசுல நிறுத்தோம், பொறகு ஒரு நாள் முழுக்க பக்கெட் தண்ணியில போட்டு, எடுத்து துடைச்சு திரும்ப நிறுத்தோம். முதலாமவர் கல்லு 2,390 கிராம் இருந்தது 2,610 ஆச்சு, 9 சதவீதத்துக்கு மேல. ரெண்டாமவரது 2,840 இருந்து 2,975, அஞ்சுக்கும் கொறவு. லேப்ல அடுப்புல வச்சு உலர்த்தி எடுக்கிற துல்லியம் இதுல வராது, ஆனா ரெண்டு கல்லை பக்கத்துல வச்சு ஒப்பிட இது போதும். சார் அந்த நம்பரை டைரில எழுதி வச்சதோட முதலாமவர் மேல இருந்த ஆசை விட்டுப்போச்சு.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலாமவரை வேண்டாம்னு சொன்னதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டோம், அது ஞாயம்னு தோணிச்சு. அவரு சொன்ன 93,600 மேல, அவரு சேக்காம விட்ட மண்ணு வெட்டு 5,500, கிணறு, பாத்தி, கேட்டு, நடைபாதை முனை இங்கெல்லாம் ஓரக்கல்லு சுமார் 67 அடி நீளம் அதுக்கு 4,700, ஜல்லி அடித்தளம் ஒரு 18,800. கூட்டினா 1,22,000 தாண்டுது, அதுவும் 50 எம்எம் கல்லுக்கு. ரெண்டாமவர் 108-ஐ 1,106-ஆல பெருக்கினா 1,19,448. கொறவா தெரிஞ்ச கொட்டேஷன் கடைசில ரெண்டாமவரதை விட கூடிப்போச்சு.

மூணாமவர் வேலை நல்லா வரும், சந்தேகமில்ல, ஆனா ஒரு காரும் ரெண்டு பைக்கும் வர்ற வீட்டுக்கு 80 எம்எம் எதுக்கு. அடியில கான்கிரீட் பெட்டு போட்டா தண்ணி இறங்காது, கிணத்துக்காகத்தானே பிளாக்னு முடிவு பண்ணினது. அவருகிட்ட 60 எம்எம்முக்கு ரேட்டு கேட்டோம், சின்ன வேலைக்கு அப்படி செஞ்சா கட்டுப்படியாகாதுன்னு நேராவே சொல்லிட்டாரு, அது மரியாதையான பதில்.

ரெண்டாமவருகிட்ட "கொஞ்சம் கொறைங்க"ன்னு கேக்கல. ரேட்டை பிரிச்சு சொல்லுங்கன்னு கேட்டோம். கொஞ்சம் முறைச்சாரு, பொறகு திண்ணைல உக்காந்து எழுதிக் குடுத்தாரு: பிளாக்கு 44, ஏத்துறது கொண்டுவர்றது இறக்குறது 5, மண்ணு வெட்டி வெளிய கொண்டுபோறது 9, வெட் மிக்ஸ் (ஜல்லியும் கல்லுப்பொடியும் தண்ணி சேத்துக் கலந்தது) அடித்தளம் 4 இஞ்ச் 18, எம் சாண்ட் விரிப்பும் இடுக்கு நிரப்பும் 6, கூலி 16, ஓரக்கல்லு 4, அவருக்கு 6. அந்த ஆறு முழு உண்மையா இருக்காது, பிளாக்குல ஒண்ணு ரெண்டு ரூபா வச்சிருப்பாரு, இருக்கட்டும், அவரு வீட்டுலயும் அடுப்பெரியணும்லா.

இப்படி எழுதினதும் எங்க கொறைக்கலாம்னு தானாத் தெரிஞ்சுது. வெட்டுற மண்ணை டிப்பர்ல வெளிய அனுப்ப வேண்டாம், பின்னால விளையில தென்னைக்கு அணைச்சிரலாம், அதுல 4 ரூபா போச்சு. பக்கவாட்டு நடைபாதையில பைக்குக்கு மேல எதுவும் போகாது, அங்க அடித்தளம் 3 இஞ்ச் போதும், மொத்தத்துல அடிக்கு ஒரு ரூபா. 103 ரூபாய்ல நின்னுச்சு, மொத்தம் 1,13,918. அவரு லாபத்துல யாரும் கை வைக்கல. அடிச்சுப் பிடிச்சு இன்னும் அஞ்சு ரூபா கொறைச்சிருக்கலாம்னு பையன் போன்ல சொன்னான், ஆனா அந்த அஞ்சு ரூபாயை அவரு நமக்குத் தெரியாத இடத்துலதான் எடுப்பாரு, தெரியாத இடம்னா ஜல்லிதான்.

ஒரு பக்கத்துல ஒப்பந்தம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. அளவு, கல்லோட கனம், அடித்தள கனம் "இறுக்கின பொறகு" எவ்வளவுங்கிறது, வீட்டுச் சுவர்ல இருந்து கேட்டு நோக்கி அஞ்சடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம், செப்டிக் டேங்க் மூடியை மூடாம தூக்குற மாதிரி விடணும்ங்கிறது (முதலாமவர் அதுக்கு மேலயே போட்டு விட்டுரலாம்னு சொன்னவரு), எல்லாம் அதுல. பணம் கையெழுத்துக்கு 10,000, கல்லு இறக்கி எண்ணினதும் 40,000, அடித்தளம் இறுக்கி நாங்க பாத்ததும் 30,000, முடிஞ்சதும் மீதி, அதுலயும் மொத்தத் தொகையில 5 சதவீதம், அதாவது சுமார் 5,700 மட்டும் ஐப்பசி மழை கழிஞ்சு. நான் 10 சதவீதம் சொன்னேன், அவ்வளவு நாள் அவ்வளவு ரூபா முடங்கினா தாங்காதுன்னாரு, 5-ல ஒத்துக்கிட்டோம்.

வேலை நடந்தப்போ

கல்லு எண்ணிக்கை சுலபம். 200க்கு 100 எம்எம் கல்லு ஒரு சதுர மீட்டருக்கு 50, நம்ம 1,106 அடி சுமார் 103 மீட்டர், ஆக 5,140, வெட்டுக் கழிவுக்கு கொஞ்சம் சேத்து 5,400 வந்துச்சு. அடுக்கின வரிசையை எண்ணிப் பெருக்கிப் பாத்தாச்சு, அளவு மேலயும் இனி சண்டை வராது.

அடித்தள லோடுலதான் ஒரு தகராறு. இறுக்கினா நாலுல ஒரு பங்கு தாழ்ந்துரும், அதனால சுமார் 450 கன அடி, நாலரை யூனிட் வேணும். டிப்பர்காரன் லோடுக்கு 150ன்னு மூணு லோடு அடிச்சான். சார் சும்மா இருக்கல, ரெண்டாவது லோடு வந்தப்போ ஏணி வச்சு ஏறி டேப் பிடிச்சாரு, 10 அடி நீளம், 6 அடி அகலம், உள்ள நிரப்பினது ரெண்டேகால் அடி. 135. ரெண்டாமவரை கூப்பிட்டு காட்டினதும் அவரு கிரஷர்காரன்கிட்ட போன்ல போட்ட சத்தம் ரோட்டடி வரை கேட்டுது, அடுத்த நாள் கொறவு உள்ளதுக்கு ஒரு குட்டி லோடு வந்து சேந்துச்சு, பில்லு இல்லாம. இது அவரு செஞ்ச தப்பு இல்ல, ஆனா யாரும் அளக்காம இருந்திருந்தா நாலு இஞ்ச் மூணரையாத்தான் முடிஞ்சிருக்கும், கண்டுபிடிக்கவும் முடியாது.

வெட் மிக்ஸை ரெண்டு இஞ்ச் ரெண்டு இஞ்சா விரிச்சு தண்ணி தெளிச்சு பிளேட் காம்பாக்டர் (அதிர்ந்து இறுக்குற மெஷின்) ஓட்டினாங்க. அங்கங்க குத்துகம்பியால தோண்டி கனம் பாத்தோம், குதிகாலால மிதிச்சா பதியல. டியூப் லெவல் வச்சு வாட்டம் பாத்து நூல் கட்டினாங்க. கேட்டுக்குள்ள குடிதண்ணி பைப்பு புதுசா மாத்தின ஒரு வரி இருந்துச்சு, அது மேல மட்டும் மெஷின் ஏத்த மாட்டேன், பைப்பு உடைஞ்சா என் தலையில விழும்னு ரெண்டாமவர் சொன்னாரு, இடிகட்டையால குத்தி விட்டாங்க. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்.

பிளாக்கு அடுக்கினது ஹெர்ரிங்போன் மாதிரி, குறுக்கும் நெடுக்குமா, காரு திரும்புற இடத்துல வரிசையா அடுக்கினா தள்ளிரும். இடுக்குல சிமெண்டு கரைச்சு ஊத்தலாமான்னு கூலிக்காரங்க கேட்டாங்க, வேண்டாம்னோம், சலிச்ச காஞ்ச மணலை துடைப்பத்தால தள்ளி மெஷின் ஓட்டி திரும்ப தள்ளினாங்க. கேட்டு மூலையில தண்ணி இறங்க ஒரு உறிஞ்சுகுழி, 3க்கு 3, ஆழம் 4 அடி, பெரிய ஜல்லி போட்டு நிரப்பினது, அதுக்குத் தனியா 6,500.

பொறகு நடந்தது

ஜூன்ல மழை பிடிச்சதும் முற்றத்துல தண்ணி நிக்கல, காரு வரியும் இறங்கல. ஆனா அந்த பைப்பு வரி மேல மூணடிக்கு ரெண்டடி ஒரு திட்டு அரை இஞ்ச் தாழ்ந்துச்சு. பிளம்பர் தோண்டி மண்ணை சும்மா தள்ளி மூடினதுதான் காரணம், அது என் வேலை இல்லன்னு ரெண்டாமவர் சொன்னாரு, அவரு சொன்னதுலயும் ஞாயம் இருக்கு. ஆனா பாக்கி 5,700 இருந்ததால பேச்சு நீளல: கூலி அவரது, எம் சாண்டும் ஜல்லியும் சாரோடது. ரெண்டு ஆளு வந்து கல்லை எடுத்து, பைப்பைச் சுத்தி தண்ணி விட்டு மண்ணை இறக்கி, ஜல்லி போட்டு இறுக்கி, அதே கல்லைத் திரும்ப அடுக்கிட்டுப் போனாங்க. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சு போச்சு.

ஐப்பசி மழையில உறிஞ்சுகுழி திணறிச்சு. பூச்செடி பாத்தி மண்ணும் மாவிலையும் சேந்து ஜல்லி மேல அடைச்சிருச்சு, கேட்டு மூலையில ஒரு மணி நேரம் தண்ணி நின்னு பொறகு இறங்குது. பக்கவாட்டு நடைபாதையில வெயிலே விழாது, ஆடி மாசத்துலயே பச்சைப்பாசி, டீச்சர் மணிக்கட்டை நெனச்சு பயந்து அந்தப் பக்கமே போகல. ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு கழுவினதும் சரியாச்சு, சொரசொரப்பான கல்லுங்கிறதால அவ்வளவா வழுக்கல. மழை கழிஞ்சதும் ரெண்டாமவருக்கு 5,700-ம் முழுசா குடுத்தாச்சு.

முதலாமவர் அதே தெருவுல வேற வீட்டுல வேலை எடுத்திருக்காரு, ரேட்டு 70-ன்னு கேள்வி.

அடுத்த தடவ மாத்தி செய்யறது

பைப்பு, இன்டர்நெட் கேபிள், கேட்டு லைட்டு ஒயரு, தரைக்கடியில போற எந்த வேலையா இருந்தாலும் பிளாக்குக்கு ஒரு மாசம் முன்னாடியே முடிச்சு, குழியில தண்ணி நிறைய விட்டு மண்ணை தானே தாழ விடணும், அதோட "பைப்பு வரியை இறுக்குறது யார் பொறுப்பு"ன்னு ஒப்பந்தத்துலயே ஒரு வரி. நாளைக்கு ஒயரு இழுக்க ஒரு காலி பிவிசி குழாயை குறுக்கே புதைச்சு விட்டிருந்தாலும் நல்லா இருந்திருக்கும், நூறு இருநூறு ரூபா செலவு.

உறிஞ்சுகுழிக்கு மேல கம்பி வலையும், அதுக்கு முன்னாடி மண்ணு தங்க ஒரு சின்ன தொட்டியும் வேணும், இப்ப அதை தனியா கட்டப்போறாங்க, கல்லை எடுத்துட்டுத்தான் கட்டணும். பாத்தி மண்ணு ஓரக்கல்லை விட ரெண்டு இஞ்ச் தாழ்வா இருக்கணும், இல்லன்னா எந்தக் குழியும் தாங்காது.

டிப்பர் அளவை ஒப்பந்தத்துல எழுதல, சார் ஏணியில ஏறினதால பொழைச்சுது. அடுத்த சைட்ல லோடு கணக்கு இல்ல, இறுக்கின கனம்தான் கணக்கு, கொறஞ்சா காண்ட்ராக்டர் செலவுல நிரப்பணும்னு எழுதிட்டேன். மிச்சம் வந்த கல்லுல அறுபதை பின்னால அடுக்கி வச்சிருக்காங்க, அதே மோல்டு ரெண்டு வருஷம் கழிச்சு கெடைக்காது. சார் அதை மூட வச்சிருந்த தார்ப்பாயை டீச்சர் ரப்பர் ஷீட் காயப்போட எடுத்துட்டாங்க, பரவால்ல, கல்லுதானே.